காய்ச்சலே இல்லாத முகாம்

மாவட்ட மனநலக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று என்னை அழைத்தார்கள். எழுதிக் கொண்டு வந்து படியுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் நிறுத்த மாட்டீர்கள் என்றும் சொன்னார்கள். ஓய்வுபெற்றவன் கையில் ஒலிபெருக்கி கிடைத்தால் என்ன ஆகும் என்பது அலுவலகத்துக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. அதனால் எழுதியே கொண்டு வந்திருக்கிறேன்.

உங்களுக்குக் கொடுத்திருக்கும் பயிற்சிக் கையேட்டை நானும் வாங்கிப் பார்த்தேன். அதில் நம் மாவட்டத்து இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று பெருமையாக இடம்பெற்றிருக்கிறது. கொரோனா இரண்டாம் அலையின்போது, இரகசியம் காக்கும் தன்னார்வலர் முறையால் அது ஒரே நாளில் காய்ச்சலே இல்லாத முகாமாக மாறியதாம். பொய் இல்லை. சில நாள் அங்கே யாருக்குமே காய்ச்சல் இருக்கவில்லை. அந்த நாட்களில் நானும் அங்கே இருந்தேன். அதனால்தான் மீதிக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சண்டைக்குப் பயந்து படகேறி வந்தவர்கள் முப்பது வருடமாகத் தங்கியிருக்கும் இடம் அது. வரிசை வரிசையாக ஒரே மாதிரி வீடுகள், தகரக் கூரை, வாசலில் தண்ணீர் பீப்பாய். ஆண்கள் பெரும்பாலும் ஓசூருக்குப் பெயின்ட் அடிக்கப் போவார்கள். வெளியூர் போய்த் தங்குவதாக இருந்தால் அனுமதி வாங்க வேண்டும், அதிகாரிகள் பெயர் கூப்பிட்டுக் கணக்கெடுக்கும் நாளில் வந்து நிற்க வேண்டும். கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி சோதனைச்சாவடியில் இ-பாஸ் இல்லை என்று திருப்பி அனுப்பியபோது ஓசூர்க்காரர்கள் போட்ட கூப்பாட்டை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அவர்களுக்கு ஒரு மாதம் தாங்காத விஷயத்தில் முகாம்காரர்களுக்கு முப்பது வருடப் பழக்கம்.

முதல் அலையின்போது அந்த முகாம்காரர்களுக்குத்தான் 'வீட்டுக்குள் அடைபட்டிருக்கும்போது மனதை எப்படி வைத்துக்கொள்வது' என்று பேச எங்களை அனுப்பினார்கள். நான் மைக் பிடித்து, மூச்சை எண்ணச் சொன்னேன், பாட்டுக் கேட்கச் சொன்னேன், கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளச் சொன்னேன். ஒரு பெரியவர் கை தூக்கி, "எத்தினை வருசத்துக்கு சேர்?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, விவரம்தான் கேட்டார். நான் அடுத்த தலைப்புக்குப் போய்விட்டேன்.

இரண்டாம் அலை வந்தபோது வேலை மாறியது. காய்ச்சல்காரர்களைக் கண்டுபிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் குழுவோடு, ஆறுதல் சொல்ல ஒரு ஆளாக என்னையும் சேர்த்துவிட்டார்கள். எந்த வீட்டில் காய்ச்சல் என்று வெளியாளுக்குத் தெரியாது. உள்ளாள் ஒருவர் அடையாளம் காட்ட வேண்டும். காட்டியவர் யார் என்று தெரிந்தால் அக்கம்பக்கத்தில் பகை வரும். அதற்கு ஒரு கூட்டம் போட்டு ஒரு வழி கண்டுபிடித்தோம். தன்னார்வலருக்குத் தலைமுதல் கால்வரை கவச உடை போட்டு, முகத்தை முழுக்க மூடி, ஆம்புலன்ஸின் முன் இருக்கையில் உட்காரவைப்பது. வண்டி வரிசைக்கு வரிசை மெதுவாகப் போகும். காய்ச்சல் உள்ள வீடு வந்தால் அவர் வாய் திறக்க வேண்டியதில்லை. தலையை ஆட்டினால் போதும், ஓட்டுநர் வண்டியை நிறுத்துவார், பின்னால் வரும் நாங்கள் கதவைத் தட்டுவோம்.

எல்லோரும் பாராட்டினோம். இரகசியம் காப்பது நம் தொழிலில் சாமி கும்பிடுவது மாதிரி, அதை எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வராது. அந்த யோசனை யாருடையது என்று அப்போது யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. கையேடு அச்சாகி வந்த பிறகு இரண்டு பேர் சொல்லிக்கொள்ளத் தொடங்கியிருக்கிறார்கள்.

தன்னார்வலராகக் கிடைத்த பெண் நிரோஷா. முகாமில் பிறந்தவள், நர்சிங் படித்துக்கொண்டிருந்தவள். நல்ல காரியம் என்று ஆசையாக வந்தாள். முதல் நாள் வண்டி நாலு வாசலில் நின்றது. நாலு பேரை ஏற்றினோம். யாரும் எதிர்க்கவில்லை. யாரும் எதுவும் பேசவும் இல்லை. வண்டி போகப் போக இரண்டு பக்கமும் சன்னல்கள் சாத்திக்கொண்டன. 'முழு ஒத்துழைப்பு' என்று அன்றைய அறிக்கையில் எழுதினோம்.

மறுநாளிலிருந்து காய்ச்சல் இல்லை. யாருக்கும் இல்லை. வண்டி எல்லா வரிசையும் சுற்றி வந்தது, நிரோஷாவின் தலை அசையவே இல்லை. அதோடு இன்னொரு அதிசயம். நாங்கள் உள்ளே நுழைந்ததும் வீட்டுக்கு வீடு பாட்டுச் சத்தம். டிவி, ரேடியோ, போன் என்று கையில் கிடைத்ததையெல்லாம் முழுச் சத்தத்தில் வைத்திருந்தார்கள். ஆம்புலன்ஸ் ஓட்டும் மஞ்சு பாகலூர்க்காரர், தமிழும் கன்னடமும் கலந்து பேசுகிறவர். "ஏன் சார், எங்கூரு ஜாத்ரை, திருவிழாலகூட இவ்ளோ பாட்டு வெக்க மாட்டாங்க சார்," என்றார். மேலிடத்தில் ஒரே சந்தோஷம். பாட்டுக் கேட்கச் சொன்ன என் பேச்சு இவ்வளவு நன்றாக வேலை செய்துவிட்டது என்று என்னைப் பாராட்டி ஒரு செய்தியும் வந்தது. நானும் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தேன்.

அடுத்தொரு நாள் காலையில் அப்படிச் சுற்றிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனது. எல்லாப் பாட்டும் ஒரே நேரத்தில் நின்றது. அந்த அமைதியில், வரிசை முழுக்க வீட்டுக்கு வீடு இருமிக்கொண்டிருந்தார்கள்.

மஞ்சு வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். நான் வரிசையில் நடந்தேன். சில வீடுகளில் வாயைப் பொத்திக்கொண்டு இருமுவது தெரிந்தது. ஒரு வீட்டில் மட்டும் பொத்தவும் தெம்பில்லாமல், மூச்சு இழுத்து இழுத்து இருமும் சத்தம். அந்த வாசலில் நின்றிருந்தவர் யோகம்மா. அறுபதைத் தொட்ட அம்மாள். முன்பு நடத்திய மருத்துவ முகாம்களில் பார்த்துப் பழக்கம். கதவை முதுகால் சாத்திக்கொண்டு நின்றார்.

"உள்ளே இருமறது யாரும்மா?" என்று கேட்டேன்.

"ஆடு."

"ஆடு வீட்டுக்குள்ளயா இருக்கு?"

"வெளியில வெய்யில்."

மஞ்சுவால் பொறுக்க முடியவில்லை. "எங்க ஊட்லயும் ஆடு இருக்குதும்மா. ஆடு இருமுனா இப்பிடியா இருக்கும்?"

"உங்கட ஆடு கன்னட ஆடா இருக்கும்," என்றார் யோகம்மா, முகம் மாறாமல்.

அவருக்கு ஒரே மகன், சிவா, முப்பது தாண்டியவன், பெயின்டர். ஆடு யார் என்று கேட்கத் தேவையில்லை. விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவியைச் சன்னல் வழியாக நீட்டினேன். வாங்கிக்கொண்டு உள்ளே போனவர் அங்கிருந்தே சொன்னார். "எண்பத்தாறு எண்டு காட்டுது. நல்லமோ?"

பரீட்சையாக இருந்தால் நல்ல மதிப்பெண்தான். "அம்மா, அந்த நம்பர்ல இருந்தா ஆடு ராத்திரி வரைக்கும் தாங்காது," என்றேன்.

கதவு ஒரு சாண் திறந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற வண்டியைப் பார்த்தார்.

"முன் சீட்டில இருக்கிறது ஆர்?"

"அதைச் சொல்லக்கூடாதும்மா. இரகசியம்."

"அப்பவும் அப்பிடித்தான் சொன்னவை," என்றார். பிறகு, "தலையாட்டிய வச்சுக்கொண்டு வந்து பிள்ளையைக் கேக்கிறியள்," என்றார்.

அந்தச் சொல் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. சண்டை நடந்த காலத்தில் இலங்கையில் சிப்பாய்கள் ஊரைச் சுற்றி வளைப்பார்கள். ஆண்களையெல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையில் நிறுத்துவார்கள். ஒரு ஜீப்பில், தலையில் சாக்கை மாட்டி, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை விட்டு, ஒருவனை உட்காரவைத்திருப்பார்கள். வரிசை அவன் முன்னால் நகரும். அவன் யாரைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறானோ அந்த ஆளை வண்டியில் ஏற்றிவிடுவார்கள். அவனுக்குப் பெயர் தலையாட்டி. யோகம்மாவின் புருஷன் தோளில் கைக்குழந்தையோடு அந்த வரிசையில் நின்றவர். குழந்தையை இவர் கையில் கொடுத்துவிட்டு, மத்தியானத்துக்குள்ள வந்திடுவன் என்று சொல்லி வண்டி ஏறினார். அதற்குப் பிறகு இவர் ஏறி இறங்காத வாசல் இல்லை. அப்படி ஒருவரை நாங்கள் பிடிக்கவே இல்லை என்றுதான் எல்லா இடத்திலும் சொன்னார்கள். ஆட்டியது யார், கொண்டுபோனது யார் என்று தெரியாததால், யாரிடம் போய்க் கேட்பது என்பதே அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

நாங்கள் அதைத்தான் செய்திருந்தோம். சாக்குக்குப் பதில் வெள்ளைக் கவசம், ஜீப்புக்குப் பதில் ஆம்புலன்ஸ். எல்லாம் நல்ல எண்ணத்தில், கூட்டம் போட்டு, பாராட்டிச் செய்தோம்.

வண்டிக்குப் போய் நிரோஷாவை இறங்கச் சொன்னேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் வயதுப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லை முகாமில் யாரும் சொல்லவே இல்லை. பிள்ளைகளாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள். முகக் கவசத்தைக் கழற்றினாள். வியர்வையில் முடியெல்லாம் நெற்றியில் ஒட்டியிருந்தது. "நான்தான் மாமி. நிரோஷா," என்றாள்.

"தெரியும்," என்றார் யோகம்மா. "உன்ர நடையிலயே தெரியும். முழு முகாமுக்கும் தெரியும். உன்ர அம்மாவோடயே ஒருத்தரும் கதைக்கிறேல்ல, உனக்குத் தெரியாதோ?"

அவளுக்குத் தெரியும். ஏன் என்றுதான் தெரியாது. எங்களுடைய இரகசியம் எங்களைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அதைச் சுமந்தது ஒரு சின்னப் பெண். ஆறுதல் சொல்ல வந்த குழு ஊருக்குள் புது நோயாளி ஒருத்தியை உண்டாக்கி வைத்திருந்தது.

உள்ளே இருமல் நின்று, மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. யோகம்மா என்னைப் பார்த்து, "நீங்களும் முகத்தைக் காட்டிக் கதையுங்கோ," என்றார்.

இதைச் செய்யாதீர்கள் என்றுதான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். நான் செய்தேன். நாலடி பின்னால் தள்ளி நின்று, கண்ணாடியையும் மாஸ்கையும் கழற்றினேன். அவர் என் முகத்தை நிதானமாகப் பார்த்தார்.

"நானும் வண்டியில வாறன்."

"உள்ளே விடமாட்டாங்கம்மா. கூட ஆள் வரக்கூடாதுன்னு கண்டிப்பா சொல்லியிருக்காங்க."

"அப்ப நீங்க இங்க இருங்கோ. என்ர பிள்ளை திரும்பி வரும் மட்டும் நீங்க போகேலாது."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கடைக்காரர் விலை சொல்கிற மாதிரி சொன்னார். முகாம் வாசலில் போலீஸ்காரர் ஒருவர் எப்போதும் இருப்பார். ஒரு குரல் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் கதவு திறந்திருக்கும், சிவா வண்டியில் இருப்பான். மஞ்சுவும் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆரம்பத்தில் வேலை கற்றுக்கொடுத்த டாக்டர் அம்மா ஒருவர் இருந்தார். ஆளைப் பிடித்து ஏற்றுவது சுலபம், அடுத்த வீட்டுக் கதவைத் தட்டும்போதுதான் அதன் விலை தெரியும் என்பார். இந்த வரிசையில் மட்டும் எத்தனை கதவுகள் இருமிக்கொண்டிருந்தன என்பதை அப்போதுதான் கேட்டிருந்தேன்.

"மஞ்சு, சிவாவைக் கூட்டிட்டுப் போங்க. நான் இருக்கறேன்," என்றேன்.

"அய்யோ சார், ஆபீஸ்ல என்னான்னு சொல்றது? பிடிச்சு வெச்சுட்டாங்கன்னா?"

"நோயாளி வீட்டு முன்னால மாஸ்க் இல்லாம நின்னாரு, தனிமைப்படுத்திட்டாங்கன்னு சொல்லுங்க. உண்மைதானே?"

சிவா கதவைப் பிடித்துக்கொண்டு தானே நடந்து வந்தான். கால்சட்டையில் ஓசூர்க் கட்டடங்களின் எல்லா நிறமும் இருந்தது. ஏறும்போது திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். யோகம்மா கையைக் காட்டி நிறுத்தினார். "எப்ப வருவன் எண்டு மட்டும் சொல்லாத," என்றார்.

வீட்டை ஒட்டி விறகும் சைக்கிளும் வைக்கும் ஒரு சின்ன அறை. அதுதான் எனக்கு. நிரோஷா கவச உடையை ஆம்புலன்ஸிலேயே கழற்றிப் போட்டுவிட்டாள். தினமும் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போன் போடுவாள், பிறகு வரிசை நடுவில் நின்று, மாஸ்க் மட்டும் போட்டுக்கொண்டு, எல்லா வீட்டுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்வாள். "நான் நிரோஷா கதைக்கிறன். சிவா அண்ணனுக்கு ஆக்சிஜன் வச்சிருக்கினம். கஞ்சி குடிச்சவர்." முதலில் ஏற்றிக்கொண்டு போன நாலு பேரின் நிலைமையையும் பெயர் பெயராகச் சொன்னாள். இரகசியத்தின் மானம் கப்பலேறியது. ஆனால் இரண்டாம் நாள் ஒரு சன்னல் திறந்து, "பிள்ளை, எனக்கும் ரெண்டு நாளாக் காய்ச்சல்," என்று ஒரு குரல் வந்தது. அதற்கடுத்து இன்னொன்று. பாட்டுச் சத்தம் குறைந்தது.

மேலிடத்திலிருந்து எனக்குப் போன் வந்தது. பூஜ்யமாக இருந்த முகாமில் திடீரென்று இத்தனை பேருக்குக் காய்ச்சல் எப்படி வந்தது, நீங்கள் உள்ளே என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்கள். அந்த அறையில் உட்கார்ந்துகொண்டு என்ன செய்ய முடியும்? விளக்கம் கேட்டு ஒரு கடிதமும் அனுப்பினார்கள். அதற்கு நான் எழுதிய பதில் இன்றும் எங்கோ பரிசீலனையில் இருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் எனக்கு மூச்சு முட்டியது. தொண்டை அடைக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, சாகப் போகிறேன் என்றே நினைத்தேன். மைக் பிடித்து ஊருக்கெல்லாம் சொன்ன மூச்சுப் பயிற்சியை எனக்கே சொல்லிப் பார்த்தேன். எண்ண எண்ண மூச்சு அதிகமாக வாங்கியது. சன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து யோகம்மா பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"மூச்சை எண்ணாதையுங்கோ சேர். எண்ணினாக் கூடும்."

"காய்ச்சல் வந்துட்ட மாதிரி இருக்கும்மா."

"காய்ச்சல் இல்ல, பயம். எனக்கும் இருக்கு, உங்களுக்கும் இருக்கட்டும்." ரேஷன் அரிசி ஒரு தட்டு நிறைய வந்தது. "கல்லுப் பொறுக்குங்கோ."

பொறுக்கினேன். அது என்ன சிகிச்சை முறை என்று எனக்குத் தெரியாது, கையேட்டிலும் இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே பயம் என்பது மட்டும் எப்படியோ எனக்குத் தெம்பாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு நாள் ஆஸ்பத்திரியில் யாரும் போன் எடுக்கவில்லை. நிரோஷா வரிசை நடுவில் நின்று, "இண்டைக்குச் செய்தி இல்லை," என்று சொல்லிவிட்டு நகராமல் அங்கேயே நின்றாள். மறுநாள் மத்தியானம்வரை அதே நிலைமை. பிறகுதான் தெரிந்தது, கட்டில் மாற்றியிருக்கிறார்கள், எந்த அறை என்று சொல்ல ஆளில்லை. யோகம்மா சமைக்கவில்லை. என் சன்னலுக்கு எதிரில் வந்து தரையில் உட்கார்ந்து என்னையே பார்த்தார்.

"எங்க என்ர பிள்ளை?"

அவ்வளவுதான் கேட்டார். அலுவலகத்துக்குப் போன் போட்டேன், மஞ்சுவுக்குப் போட்டேன், பழக்கமான டாக்டர்களுக்கெல்லாம் போட்டேன். ஒவ்வொரு முறையும் போனை வைத்துவிட்டு அவரைப் பார்க்க வேண்டியிருந்தது. முப்பது வருடம் இந்தத் தொழிலில் எத்தனையோ பேருக்கு எதிரில் உட்கார்ந்து அவர்களுடைய துக்கத்தைக் கேட்டிருக்கிறேன். கேட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். பதில் சொல்லியே ஆக வேண்டிய ஆளாக உட்கார்ந்திருந்தது அன்றுதான். புருஷனைக் கொண்டுபோன அன்றைக்கு, கேள்வி கேட்க இப்படி ஒரு ஆள் அவருக்குக் கிடைத்திருந்தால் போதும் என்று நினைத்தேன், எனக்கு அழுகை வந்தது. அவர் அழவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் மஞ்சு வார்டுக்குள் எப்படியோ புகுந்து, தன் போனிலிருந்து வீடியோவில் கூப்பிட்டார். "சிக்கிட்டாரு சார், கெடச்சிட்டாரு," என்றார். நிரோஷா போனைத் தூக்கிக் காட்டினாள். திரையில் ஆக்சிஜன் மாஸ்க் போட்ட ஒரு முகம்.

"அதை எடுத்திட்டு முகத்தைக் காட்டடா," என்றார் யோகம்மா.

ஒரு நொடி எடுத்துக் காட்டினான். அவர் எழுந்து போய் உலை வைத்தார்.

பிள்ளைகளே, இரகசியம் காக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காக்க வேண்டும். ஆனால் முகத்தை மூடிக்கொள்ளும் முன்னால், இந்த ஊரில் இதற்குமுன் யார் முகத்தை மூடிக்கொண்டு வந்தார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கலவரம் பார்த்த இடம், சண்டை பார்த்த இடம், எங்கே போனாலும் கேளுங்கள். ஒரு இடத்தில் எந்தக் குறையுமே இல்லை என்று அறிக்கை வந்தால், பாட்டுச் சத்தம் எவ்வளவு என்றும் பாருங்கள்.

சிவா திரும்பி வந்த அன்று எல்லா வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். அதே வண்டி, அதே மஞ்சு. முன் இருக்கை காலியாக இருந்தது. மாஸ்க்கும் தொப்பியுமாக, பாதி உடம்பு கரைந்து ஒருவன் இறங்கினான். யோகம்மா கிட்டே போகவில்லை, தள்ளி நின்றே மாஸ்கை இறக்கச் சொன்னார். தாடிக்குள் இருந்த முகத்தை நிறைய நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். முதல் கிளாஸ் மகனுக்கு. இரண்டாவதை, கும்பலுக்குப் பின்னால் அம்மாவோடு நின்றிருந்த நிரோஷாவிடம் எல்லோரும் பார்க்கக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

நான் பையை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினேன். முன் இருக்கையில்தான் உட்கார்ந்தேன். மஞ்சு சாவியைத் திருகிவிட்டு, "ஹோகோணா சார்? போலாமா?" என்றார்.

"இருங்க. அவங்க சொல்லட்டும்," என்றேன்.

யோகம்மா வாசலிலிருந்து என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இப்ப போலாம்," என்றேன்.